வேலி ரோஜாவில் அப்பனின் பங்கு

செப்டம்பர் 26

பாப்பாவுக்கு,

வேலியில் நீ சிவப்பு நூல் கட்டி வைத்திருந்த காட்டு ரோஜாக் கிளைகளைச் செவ்வாய்க்கிழமை வெட்டிவிட்டார்கள். வெட்டச் சொன்னது நான்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். என் எண்ணைப் பார்த்தால் நீ எடுக்க மாட்டாய். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

நடந்தது இதுதான். என் நர்சரியில் விற்கிற ஒவ்வொரு ரோஜாவும் ஒன்றாக ஒட்டுக் கட்டிய இரண்டு செடி. மேலே பூப்பது ஒன்று, கீழே வேராக இருப்பது காட்டு ரோஜா. அந்த வேர் சும்மா கிடக்காது. ஒட்டுக்குக் கீழே தன் சொந்தத் துளிரை விட்டுக்கொண்டே இருக்கும். அசந்தால் இரண்டே வருஷத்தில் மேலே இருப்பதைச் சாகடித்துவிட்டுத் தான் மட்டும் நிற்கும். அதனால் குளிர் தொடங்கும் முன் ஒருவன் முன்னால் போய் அந்தத் துளிர்களில் சிவப்பு நூல் கட்டுவான். பின்னால் இன்னொருவன் கத்தரியோடு வருவான். சிவப்பு என்றால் வெட்டு. நர்சரி தொடங்கிய வருஷம் நான் போட்ட சட்டம்.

செவ்வாய்க்கிழமை மேற்பார்வைக்காரர் லீவு. ஊசி என்று நாங்கள் கூப்பிடுகிறோமே, உனக்குக் கேட் திறந்து விடுகிறவர், அவர்தான். அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வெட்டுகிறவன் என்னிடம் வந்து கேட்டான்: "முதலாளி, வேலிப் பக்கமும் சிவப்பு இருக்கு. துணிப் பையெல்லாம் கட்டியிருக்கு. என்ன செய்ய?"

நான் போனில் ஒருவனோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். "சிவப்புன்னா வெட்டுய்யா. இதுக்கெல்லாமா என்னைக் கேக்கணும்?" என்றேன்.

சாயங்காலம் வேலியைப் பார்த்தேன். வெள்ளை நூல் கட்டினதெல்லாம் அப்படியே இருக்கிறது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று எழுது.

அப்பா


அக்டோபர் 3

நர்சரி உரிமையாளர் அவர்களுக்கு,

நஷ்டம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறுபத்து நான்கு கிளைகள். ஜூன் மாதம் ஒவ்வொரு மொட்டையும் அது விரியும் முன்பே திறந்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கினேன். வேலியின் அந்தக் கோடியில் இருக்கும் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து வந்து தடவினேன். வண்டு நுழையாதபடி பை கட்டினேன். அவற்றுக்குத்தான் சிவப்பு நூல். இன்னும் நாற்பது மொட்டுகளில் தாள்களைப் பிடுங்கியதோடு சரி, மகரந்தம் எதுவும் தடவாமல் பை கட்டினேன். அவற்றுக்கு வெள்ளை.

காட்டு ரோஜா தகப்பன் இல்லாமலே விதை பிடிக்கும் என்று சிலர் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்த வேலியில் அது உண்மையா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் வெட்டியிருப்பது தகப்பன் உள்ளவற்றை. விட்டு வைத்திருப்பது தகப்பன் இல்லாதவற்றை. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்த விதைகள் முளைத்து, கன்றுகளை நான் காட்டினால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் என் வேலை நீளும். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் மேசையைக் காலி செய்ய வேண்டும்.

சிவப்பு நூல் என்னுடையது அல்ல. கொண்டு வந்த நூல் தீர்ந்துபோய், உங்கள் கொட்டகை ஆணியில் தொங்கிய நூற்கண்டிலிருந்து எடுத்தேன். சின்ன வயதில் அதே ஆணியில் தொங்கிய கண்டை உருட்டி விளையாடியிருக்கிறேன். எதற்கான நூல் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தரும் வயது வருவதற்குள் நாங்கள் அங்கே இல்லை.

உங்கள் ஆட்களுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான், எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்த அன்று உங்கள் நர்சரியிலிருந்து ஒரு வேன் நிறைய ரோஜா வந்தது. ஆள் வரவில்லை. ஒவ்வொரு கட்டிலும் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நானும் மாமாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தோம்.

வேலி ரோஜா ஆய்வாளர்


அக்டோபர் 9

பாப்பா,

நீ "உரிமையாளர் அவர்களுக்கு" என்று எழுதினால் நானும் "ஆய்வாளர் அவர்களுக்கு" என்று எழுத முடியும். எழுத மாட்டேன்.

விலைச் சீட்டு ஒட்டுவது பூக்கட்டுப் போடுகிறவளின் வேலை. கொட்டகையை விட்டு எது வெளியே போனாலும் ஒட்டுவாள். "இது விற்பனைக்கு இல்லம்மா" என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். அன்றைக்கு எனக்கு வாய் திறக்கவில்லை. வேனில் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். உங்கள் தெரு முனையில் இறங்கிக்கொண்டேன். வண்டி திரும்பி வரும்வரை ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்றேன். கடைக்காரன் "பஞ்சரா சார்?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். சைக்கிளே இல்லாமல்.

இப்போது வேலை விஷயம். வெட்டிய கிளைகளில் கொஞ்சம் அரைக்கிற மெஷினுக்குள் போய்விட்டது. மீதி குவியலில் கிடந்தது. நேற்றும் முந்தாநாளும் குவியலைக் கிளறினேன். ஊசி "நான் பாக்கறேன் முதலாளி, உங்க கை என்னத்துக்கு ஆகும்" என்றார். விடவில்லை. நீ கட்டியிருந்த எண் போட்ட தகடும் காயும் சேர்ந்தே இருந்தவை நாற்பத்தொன்று. தகடு இல்லாமல் வெறும் காய் ஒரு கூடை. அது உனக்கு உதவாது என்று எனக்கே தெரிகிறது, தனியாக வைத்திருக்கிறேன்.

காய் முற்றவில்லையே என்று நீ நினைப்பாய். உன் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது, என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேருக்காக வருஷா வருஷம் காட்டு ரோஜா விதை போடுகிறவன் நான். நன்றாகப் பழுத்துச் சிவந்ததை விடச் செங்காயாகப் பறித்த காயின் விதைதான் எனக்கு நன்றாக முளைத்திருக்கிறது. பழுக்கப் பழுக்க விதையின் ஓடு கல்லாகிவிடும். உன் காய்களெல்லாம் செங்காய். வெட்டியது தப்பு, வெட்டிய வாரம் தப்பில்லை.

ஒவ்வொரு எண்ணையும் தனித்தனி மண்சட்டியில், ஈர மணலில் போட்டு வைக்கட்டுமா? எழுது.

அந்த நாற்பது வெள்ளை நூலில் இன்னும் காய் நிற்பது மூன்றுதான். தொடவில்லை.

அப்பா


நவம்பர் 2

அப்பாவுக்கு,

ஈர மணல் சரி. முதலில் மிதமான சூட்டில் மூன்று மாதம், பிறகு குளிரில். எண் மாறக் கூடாது. மணல் காயவும் கூடாது, சொதசொதவென்றும் ஆகக் கூடாது.

வெள்ளை நூல் காய்கள் மூன்றையும் வியாழக்கிழமை வந்து பறித்துக்கொண்டேன். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள் என்று ஊசி சொன்னார். வெட்டிப் பார்த்தேன். மூன்றும் பொக்கு. வெளியே காய், உள்ளே ஒன்றுமில்லை.

வெறும் வேருக்காக இருபத்தெட்டு வருஷமாக இந்தச் செடியை வளர்க்கிறீர்கள். உங்கள் வேலியில் நிற்பது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

பொதுவாக எந்த உயிரும் அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வாங்கிக்கொண்டு பிறக்கும். இரண்டு பக்கத்துக் குரோமோசோம்களும் ஜோடி சேரும். உங்கள் வேலி ரோஜாவில் ஒரு தொகுதிக்கு ஏழு என்று ஐந்து தொகுதிகள், மொத்தம் முப்பத்தைந்து. ஒற்றைப்படை. எப்போதோ, பனிப்பாறைகள் இறங்கி வந்து திரும்பிப் போன காலத்தில், வெவ்வேறு காட்டு ரோஜாக்கள் தாறுமாறாகக் கலந்ததில் இது வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து. ஒற்றைப்படையில் பிறந்த செடி பெரும்பாலும் மலடாகிவிடும், ஜோடி சேர முடியாமல். இது ஆகவில்லை. ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

இரண்டு தொகுதிகள் மட்டும் ஜோடி சேரும். மற்ற மூன்றும் யாரோடும் சேராது. கடைசிவரை தனியாகவே நிற்கும். மகரந்தம் உருவாகும்போது அந்த மூன்றும் கழிந்துபோகும். அதில் ஜோடியில் பாதி, ஒரே ஒரு தொகுதிதான் இருக்கும். சூலில், அதாவது பெண் பக்கத்தில், ஜோடியின் மறுபாதியோடு அந்த மூன்றும் முழுசாகத் தங்கும். நான்கு தொகுதிகள் இருக்கும். நான்கும் ஒன்றும் சேர்ந்து மறுபடி ஐந்து. ஒவ்வொரு தலைமுறையும் இப்படியே.

அதாவது இந்தச் செடியில் ஐந்தில் நான்கு பங்கு அம்மாதான். அப்பனின் பங்கு ஐந்தில் ஒன்று.

மகள்


நவம்பர் 17

பாப்பா,

மகள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, பயப்படாதே.

உன் கடிதத்தை ஊசிக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ இது அம்மா புள்ளைன்னு சொல்லுங்க" என்றார். "அஞ்சுல ஒண்ணு நம்மளுதுய்யா" என்றேன். "அது இல்லாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டார். "பொக்கு" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். நான் அவ்வளவு சிரிக்கவில்லை.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை இங்கே சந்தை கிடையாது. சந்தை திங்களும் வெள்ளியும். மூன்று வருஷத்துக்கு முன் நீ வேலிக்காக அனுமதி கேட்டு ஆபீஸ் காகிதத்தில் எழுதினாய். உரிமையாளர் இல்லாத நாளில் வர விரும்புவதாக அதில் ஒரு வரி இருந்தது. உரிமையாளருக்கு இல்லாத நாளே கிடையாது, இங்கேயேதான் கிடப்பான். அதனால் வியாழனைச் சந்தை நாள் என்று சொல்லச் சொன்னேன். நீ வருகிற வியாழக்கிழமைகளில் லாரியை எடுத்துக்கொண்டு, வண்டிகளை நிறுக்கிற எடைமேடை வரைக்கும் போய், ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். எடைமேடைக்காரன் முதலில் என்னைச் சந்தேகப்பட்டான். இப்போது எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறான்.

உன் அம்மா விஷயம். நான் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. வீட்டில் இருந்ததில்லை, அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு அவள் புறப்பட்ட அன்று நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பேரம் பேசுகிறவர்கள் பாதியில் எழுந்து நடப்பார்கள். நாம் திருப்பிக் கூப்பிடுவோம் என்று எதிர்பார்த்துத்தான் நடப்பார்கள். முதலில் கூப்பிடுகிறவன் நஷ்டப்படுவான் என்பது என் தொழில். நான் கூப்பிடவில்லை. பத்து நாளில் தானாக வருவாள் என்று இருந்தேன். அவள் பேரம் பேசவில்லை. அது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அப்புறம் கூப்பிட வெட்கம்.

சட்டிகள் நாற்பத்தொன்றும் என் படுக்கையறையில் இருக்கின்றன. மிதமான சூடு இருக்கிற அறை அது ஒன்றுதான். கட்டிலை விட்டு இறங்கினால் கால் வைக்க இடமில்லை.

அப்பா


ஏப்ரல் 19

பாப்பா,

ஐந்து மாதமாக உன் கடிதம் இல்லை. அந்த வியாழக்கிழமை விஷயத்தை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. நீ வருவதையும் நிறுத்திவிட்டாய். நான் மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை எடைமேடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பனி விட்டுவிட்டது. சட்டிகளைக் குளிர் படும்படி வெளியே வைத்து, எலி தோண்டாமல் வலை போட்டு, மார்ச்சில் திறந்தேன். தினமும் பார்க்கிறேன். நாற்பத்தொன்றிலும் ஒன்றும் இல்லை. மணல் மட்டும்தான்.

வேலியில் வெட்டின இடத்தில் அடியிலிருந்து புதுக் கிளை அடித்திருக்கிறது. அதில் நூல் எதுவும் கட்டவில்லை.

அப்பா


மே 6

அப்பாவுக்கு,

கோபத்தால் எழுதாமல் இருக்கவில்லை. கோபத்துக்கு ஒரு காரணம் குறைந்துவிட்டது, அதனால்தான் எழுத வரவில்லை. மூன்று வருஷமாக நீங்கள் இல்லாத தோட்டத்துக்கு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இல்லாதது எனக்குப் பழக்கமான விஷயம். எனக்காக இல்லாமல் போனீர்கள் என்றால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இங்கே என் அறை மூன்றாம் மாடி. ஒரு மேசை, ஒரு அடுப்பு, அம்மாவின் தையல் மெஷின். மெஷினில் யாரும் தைப்பதில்லை, மேலே நுண்ணோக்கியை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருட்டிவிடும். திங்கட்கிழமை பேசும்போது தொண்டை கரகரக்கும். ஜலதோஷமா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். உங்கள் பஞ்சர் மாதிரி.

சட்டிகளைக் கொட்டிவிடாதீர்கள். இந்த விதை பெரும்பாலும் முதல் வசந்தத்தில் முளைக்காது. ஒரு கோடையும் இன்னொரு குளிரும் வேண்டும். உங்களுக்கே தெரிந்திருக்குமே.

உங்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு நினைவுதான் இருக்கிறது. ஒரு காட்டு ரோஜா மொட்டைக் கையில் வைத்து, அதை மூடியிருக்கும் ஐந்து பச்சை இதழ்களின் ஓரப் பிசிறைக் காட்டினீர்கள். "இந்த ரெண்டு பேருக்குத் தாடி ரெண்டு பக்கமும் இருக்கு, இந்த ரெண்டு பேருக்குத் தாடியே இல்ல, இவனுக்கு மட்டும் பாதி தாடி. பாதி சவரத்திலே கடைய மூடிட்டாங்க, வந்துட்டான்" என்றீர்கள். நான் ஆராய்ச்சிக்குக் காட்டு ரோஜாவை எடுத்தது அதனால்தானா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

மகள்


மே 14

பாப்பா,

எனக்குத் தெரியும், முதல் வருஷம் முளைக்காது என்று. இருந்தும் தினமும் பார்த்தேன்.

சட்டிகள் இருக்கும். அடுத்த வசந்தம்வரை நீ எழுதாவிட்டாலும் இருக்கும்.

அப்பா


ஏப்ரல் 11, அடுத்த வருஷம்

பாப்பா,

இன்று காலை எண் பதினேழு.

முதலில் கல் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். விதையின் ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வளைந்து நிற்கிறது. மதியத்துக்குள் ஓட்டைத் தள்ளிவிட்டது. இனி இலை விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊசியைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "இது அந்த அஞ்சுல ஒண்ணா?" என்றார். "வாயை மூடும், மூச்சுக் காத்துல ஒடிஞ்சிரும்" என்றேன்.

உடனே உனக்குப் போன் செய்யலாம் என்று எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கும் முன்பு வைத்துவிட்டேன். எழுதுகிறேன்.

அப்பா


ஏப்ரல் 30

பாப்பா,

இன்று மாலை வரைக்கும் நாற்பத்தொரு சட்டியில் இருபத்தாறில் முளைத்திருக்கிறது. மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கன்று. எந்தச் சட்டியில் எத்தனை என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை எண்ணினேன், ஊசி ஒரு தடவை எண்ணினார், மூன்றும் ஒன்றுதான்.

வேலிப் பக்கத்து இடத்தைக் கேட்டு, வண்டி நிறுத்தும் கொட்டகை போடுகிற ஒருவர் வந்தார். வேலியை எடுத்துவிட வேண்டும் என்றார். நல்ல விலைதான் சொன்னார். அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். வேலிக்கு வேறு ஆள் இருக்கிறது என்றேன். வியாபாரத்தில் நான் பொய் சொல்வதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நீ சீக்கிரம் ஏதாவது சொல்லி அதை உண்மையாக்கிவிடு.

அப்பா


மே 8

அப்பா,

உங்கள் தாளை நிலையத்தின் இயக்குநரிடம் காட்டினேன். கன்றுகளை அவர் நேரில் பார்க்க வேண்டுமாம், ஆனாலும் வேலை நீளும் என்று சொல்லிவிட்டார். இன்னும் ஐந்து வருஷம்.

வேலி எனக்கு வேண்டும். இனாமாக வேண்டாம். நீங்களும் இனாமாகக் கொடுப்பவர் இல்லை. என் நிபந்தனையைச் சொல்கிறேன்.

மாதம் இரண்டு தடவை வருவேன். ஐந்து வருகையில் நான்கு வழக்கம்போல், நீங்கள் இல்லாத நாளில். எனக்கு அது இன்னும் வேண்டியிருக்கிறது, அப்பா. அம்மா இல்லாத இடத்தில் உங்களோடு உட்கார்ந்து பேசினால் அவளை விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறது. ஐந்தாவது வருகை நீங்கள் இருக்கும் நாளில். நீங்கள் கொட்டகையிலேயே இருக்கலாம், எங்கேயும் ஒளிய வேண்டாம். பேசினால் பேசலாம்.

நீங்கள் பேரம் பேசாமல் எதையும் முடித்ததில்லை என்று அம்மா சொல்வாள். இதில் பேரம் இல்லை.

மகள்


மே 13

பாப்பா,

உன் கடிதம் வந்ததும், ஐந்தில் இரண்டு என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு தாளில் எழுதியும் விட்டேன். அப்புறம் எழுந்து போய்ச் சட்டிகளைப் பார்த்தேன். ஐந்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு நூற்றுப் பதினெட்டும் நன்றாகத்தான் நிற்கின்றன. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

எடைமேடைக்காரனிடம் நாற்காலியை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊசியிடம் சொல்லி ஆணியிலிருந்த சிவப்பு நூற்கண்டைப் பெட்டிக்குள் பூட்டியாகிவிட்டது. இனிமேல் துளிருக்கு மஞ்சள் நூல். ஆட்கள் இருபத்தொன்பது வருஷப் பழக்கத்தை மாற்ற முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

முடிவானதை எழுதி வைக்கிறேன், பின்னால் தகராறு வேண்டாம். வேலி முழுவதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, முப்பத்தெட்டு மீட்டர், உனக்கு. காலம் ஐந்து வருஷம், நீ கேட்டால் மேலும். உன் கையெழுத்து இல்லாமல் கத்தரி படாது. தண்ணீரும் எருவும் என் பொறுப்பு. இதற்கு வாடகை, ஐந்து வருகையில் ஒன்று.

அப்பா